இரைச்சலுக்கு அடியில் ஒரு குரல்

1914ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் இரவு சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு பொழிந்த 'எம்டன்' கப்பலைத் தமிழர் எளிதில் மறக்கவில்லை. பர்மா எண்ணெய்க் கம்பெனியின் தொட்டிகள் பற்றியெரிந்தன. அஞ்சிய மக்கள் ஊரை விட்டு வெளியேறினர். துணிச்சலும் சூழ்ச்சியும் மிக்க ஒருவனை 'சரியான எம்டன்' என்று சொல்லும் வழக்கும் அன்று பிறந்ததே. ஆயினும் அக்கப்பலின் பீரங்கியைப் பேசுவோர் அதன் காதைப் பேசுவதில்லை. வங்கக் கடலில் திரிந்த நாள்களில் அது தன் கம்பியில்லாத் தந்தியைப் பெரும்பாலும் அடக்கியே வைத்திருந்தது; பகைவரின் சைகைகளைக் கேட்டபடி நகர்ந்தது. 'ஆம்ப்ஷயர்' என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பலின் சைகை ஓங்கி ஒலிக்கின்றதா, தேய்ந்து ஒலிக்கின்றதா என்பதைக் கொண்டே அது எவ்வளவு தொலைவில் உள்ளது எனத் தளபதி முல்லரும் அவர்தம் ஆட்களும் கணித்தனர். வடசென்னைக் கடற்கரையின் வானொலி வரலாறு இவ்வாறு ஒரு கொள்ளைக் கப்பலின் கேட்டலில் தொடங்குகிறது எனலாம்.

பத்தாண்டுகள் கழித்து, 1924இல், சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியால் சென்னை மாகாண வானொலிக் கழகம் அமைந்தது. ஆர்வலர்கள் கூடி நடத்திய அந்த ஒலிபரப்பு பணமுடையால் 1927இல் நின்றது. அவர்களுடைய கருவி நகராட்சியின் கைக்கு வந்து, 1930இல் மீண்டும் பாடத் தொடங்கியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூன் 16இல் பிறந்தது. இதற்கிடையில் 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம், உரிமம் இல்லாமல் வானொலிப் பெட்டி வைத்திருப்பதையே குற்றமாக்கிவிட்டது. பேசுவதற்கு மட்டுமன்று, கேட்பதற்கும் அரசின் அனுமதி வேண்டும் என்றாயிற்று. அஞ்சலகத்தில் கட்டணம் செலுத்திப் புத்தகத்தைப் புதுப்பித்துக்கொள்ளும் இந்த ஏற்பாடு விடுதலைக்குப் பின்னரும் தொடர்ந்து 1980களில்தான் முடிவுற்றது.

'திருட்டு வானொலி' என்னும் சொல்லை இந்தப் பின்னணியில்தான் எடைபோட வேண்டும். ஐரோப்பாவில் அச்சொல் உல்லாசமான பொருள் பெற்றது. 1964இல் இங்கிலாந்துக் கரைக்கு அப்பால் நங்கூரமிட்ட கப்பலிலிருந்து 'ரேடியோ கரோலின்' பாட்டிசைத்தது. 1970இல் 'மீபோ 2' கப்பலிலிருந்து ஒலித்த நிலையம் சிற்றலையிலும் வந்தது. இளைஞர்கள் விரும்பிய பாடல்களை அரசு வானொலி போதிய அளவு தராததே அங்குச் சிக்கல். இந்தியாவிலோ உரிமமின்றிப் பேசியவர்கள் பாட்டுக்காகச் சிறை சென்றவர்கள் அல்லர்.

இரண்டாம் உலகப்போர் மூண்டதும் இந்திய அமெச்சூர் வானொலியாளர்களின் உரிமங்கள் செல்லாதவையாக்கப்பட்டன. கருவிகளை ஒப்படைக்க ஆணை வந்தது. 1942 ஆகஸ்டில் காந்தியடிகளும் தலைவர்களும் சிறைப்பட்டு, செய்தித்தாள்களின் வாயும் கட்டப்பட்ட வேளையில், பம்பாயில் இருபத்திரண்டு வயது மாணவி உஷா மேத்தாவும் அவருடைய தோழர்களும் காங்கிரஸ் வானொலியை நிறுவினர். ஆகஸ்ட் 27 அன்று, 42.34 மீட்டரில், இந்தியாவில் எங்கோ ஓரிடத்திலிருந்து பேசுவதாக அறிவித்துக்கொண்டு அது ஒலித்தது. ராம் மனோகர் லோகியா, அச்யுத் பட்வர்தன் ஆகியோரின் துணை அதற்கிருந்தது. காவலர் மோப்பம் பிடிப்பதற்குள் வீடு மாற்றி வீடு மாற்றிக் கருவியைக் கொண்டுசென்றனர். தணிக்கை விழுங்கிய செய்திகள் அதில் வந்தன: சிட்டகாங் குண்டுவீச்சு, ஜாம்ஷெட்பூர் வேலைநிறுத்தம், சிமூர் ஆஷ்டிக் கொடுமைகள். மூன்று மாதங்கூட நிறையவில்லை. நவம்பர் 12ஆம் நாள் காவல்துறை கதவை உடைத்துக்கொண்டு நுழைந்தது. கருவியைச் செய்துதந்த தொழில்நுட்பரே வழிகாட்டிவிட்டார். உஷா மேத்தா நான்காண்டுக் கடுங்காவல் தண்டனை பெற்றார்.

(திருக்குறளில் 'கேள்வி' அதிகாரம் 42ஆவது, அந்த வானொலி பிறந்த ஆண்டும் 42, அலைநீளமும் 42. தற்செயல்தான், எனினும் கவிஞர்கள் இதைச் சும்மா விடமாட்டார்கள்.)

இனிக் கருதவேண்டிய செய்தி ஒன்றுண்டு. அந்த ஒலிபரப்பில் சொல்லப்பட்டவை இன்று நமக்கு எவ்வாறு தெரியும்? அரசின் கண்காணிப்பாளர்கள் இரவுதோறும் செவிமடுத்து எழுதிவைத்த அறிக்கைகளே பெருஞ்சான்று. தண்டிப்பதற்காகக் கேட்டவர்களின் குறிப்பு ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது. அன்பினால் கேட்டவர்களோ எழுதிவைக்கவில்லை. அன்று எழுதி வைத்திருந்தால் அந்தத் தாளே அவர்களுக்கு எதிரான சான்றாகியிருக்கும். வானொலி வரலாறு பேசியவர்களின் வரலாறாகவே நம்மிடம் எழுதப்பட்டு வந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அதே ஆண்டுத் தொடக்கத்தில் பெர்லினிலிருந்து சுபாஷ் சந்திர போஸின் ஆசாத் ஹிந்த் வானொலி ஒலிக்கத் தொடங்கியிருந்தது. பின்னர் அது சிங்கப்பூருக்கும் இரங்கூனுக்கும் பெயர்ந்தது. தமிழிலும் அதன் ஒலிபரப்பு உண்டு. தற்காலிக அரசில் பிரசாரத் துறையை ஏற்றவர் எஸ். ஏ. ஐயர் என்னும் தமிழர். காந்தியடிகளை 'தேசத் தந்தை' என்று போஸ் விளித்த 1944 ஜூலை 6ஆம் நாள் உரை இரங்கூனிலிருந்து வந்தது. இரங்கூனுக்கும் சென்னைக்கும் இடையே ஏறத்தாழ 1,750 கிலோமீட்டர் கடல். சிற்றலைக்கு அது பெருந்தொலைவன்று. பகலில் வளிமண்டலத்தின் கீழ்ப்படலம் ஒன்று சிற்றலையின் நீண்ட அலைகளை உறிஞ்சிவிடும். இரவில் அப்படலம் கரைந்துபோக, மேற்படலத்தில் மோதி அலை மீண்டு தொலைநிலத்தில் இறங்கும். ஆகவே இருளே இந்தப் பொழுதுபோக்கின் காலம்.

அந்நாளில் இந்தக் கரையில் இருந்தோருக்கு இருள் வேறு வகையிலும் பழக்கமாகியிருந்தது. 1942 ஏப்ரலில் சப்பானியர் வருவர் என்னும் அச்சத்தில் நகரம் பாதி காலியாயிற்று. 1943 அக்டோபரில் துறைமுகப் பகுதியில் குண்டும் விழுந்தது. எதிரி எங்கே என்று அறிய விரும்பியவனுக்கு எதிரியின் வானொலியே செய்தி. விடுதலை எங்கே என்று அறிய விரும்பியவனுக்கும் அதே முள், அதே வட்டம்.

இரங்கூன் முனையில் இருந்த தமிழருள் பலர் போஸின் படைக்குப் பொருளும் ஆளும் தந்தவர்கள். 1962இல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து கடைகளும் தொழில்களும் நாட்டுடைமையானபின், அவர்கள் கப்பல் கப்பலாகச் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கினர். வியாசர்பாடியிலும் எண்ணூர்ப் பக்கத்திலும் அவர்களுக்குக் குடியிருப்புகள் எழுந்தன. கடற்கரை ரயில் நிலையத்தின் எதிரே 1969இல் பர்மா பஜார் அமைந்தது. சப்பானிய டிரான்சிஸ்டர் வாங்க விழைந்தவர்கள் அங்கேதான் சென்றனர். முன்பு அக்கரையிலிருந்து குரல் வந்தது. இப்பொழுது அக்கரையிலிருந்து வந்தவர்களே குரல் கேட்கும் பெட்டியை விற்றனர்.

1950களில் அகில இந்திய வானொலியில் திரையிசை அருகியபோது தமிழர் இலங்கை வானொலிக்குத் திரும்பிய கதை யாவரும் அறிந்தது. அது உரிமம் பெற்ற நிலையம். மறைவு நிலையங்களைத் தேடுவோரின் இன்பம் வேறு. அறிவிக்கப்பட்ட நிலையத்துக்கு நாள், நேரம், அலைநீளம், ஒலித் தெளிவு ஆகியவற்றைக் குறித்துக் கடிதம் எழுதினால், கேட்டதை உறுதிசெய்யும் வண்ண அட்டை ஒன்று அஞ்சலில் வரும். மறைவு நிலையத்துக்கோ முகவரி இருப்பதே அரிது. ஆதலின் கேட்டவரின் நோட்டுப்புத்தகமே அந்நிலையம் ஒலித்ததற்கு ஒரே சாட்சியாவதும் உண்டு.

வடசென்னையில் இப்பொழுதுபோக்குக்கு வாய்ப்பும் இடரும் ஒன்றாகவே இருந்தன. கிழக்கே தடையற்ற கடல். கடலின் மேலாக வரும் தொலைதூர அலைக்கு அதனினும் நல்ல வாசல் இல்லை. ஆனால் உப்புக்காற்று செம்புக் கம்பியை அரித்துப் பச்சை பூக்கச் செய்யும். ஆலை மோட்டார்களின் பொறி, உயர்மின் கம்பிகளின் ரீங்காரம் எல்லாம் பெட்டிக்குள் புகும். 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின் அக்கம்பிகள் இன்னும் பெருகின. வலுவான அரசு நிலையங்கள் இந்த இரைச்சலை மிதித்துக்கொண்டு வரும். சில பத்து வாட்டில் ஒளிந்து பேசும் நிலையம் அதன் அடியில் மூழ்கும். மழைவந்து மின்சாரம் நின்ற இரவுகளில், மின்கலத்தால் இயங்கும் பெட்டி வைத்திருந்தவருக்கே அந்த அடிக்குரல் வாய்க்கும்.

42.34 மீட்டர் இன்று அமெச்சூர் வானொலியாளர்கள் உரிமத்துடன் உரையாடும் 40 மீட்டர்ப் பகுதிக்குள் அடங்கும். உஷா மேத்தா 2000 ஆகஸ்டில் மறைந்தார். எண்ணூர் அனல்மின் நிலையம் 2017 மார்ச் 31 அன்று மூடப்பட்டது. 1941இல் தொடங்கிய பி.பி.சி. தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு, அதற்கு முப்பது நாள் கழித்து, ஏப்ரல் 30ஆம் நாள் இரவோடு நின்றது.