கோடீஸ்வரன் வழக்கும் கச்சேரி வாசலும்

மட்டக்களப்பு வாவி சூழ்ந்த புளியந்தீவில், 1638இல் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டைக்குள்தான் கச்சேரி நெடுங்காலம் இயங்கியது. 1961 பெப்ரவரி இறுதியில் அதன் வாசலில் சத்தியாக்கிரகிகள் அமர்ந்தபோது நான் பள்ளிச் சிறுவன். கோப்புகளோடு உள்ளே செல்ல வேண்டிய எழுதுவினைஞர்கள் சிலர் வீதியோரத்தில் தயங்கி நின்ற காட்சி மட்டும் நினைவில் இருக்கின்றது. ஏப்ரல் 17இல் அவசரகால நிலை பிரகடனமாயிற்று. தமிழரசுக் கட்சித் தலைவர்கள் தடுத்து வைக்கப்பட்டனர். வடக்கிலும் கிழக்கிலும் படையினர் வீதிக்கு வந்தனர்.

வாசலில் இருந்தோரைப் படையினர் அகற்றினர். வீதியோரத்தில் நின்றவர்களைத் தொட்டது ஒரு காகிதம். அதே ஆண்டு டிசம்பர் 4இல் வெளியான திறைசேரிச் சுற்றறிக்கை இலக்கம் 560, சிங்கள மொழித் தேர்ச்சிப் பரீட்சையில் குறித்த காலத்துள் தேறாத அரச ஊழியரின் சம்பளவேற்றத்தை நிறுத்தியது. ஆங்கிலத்தில் பரீட்சை எழுதிச் சேவைக்கு வந்தவர்களுக்கு இடைநடுவில் நிபந்தனை மாற்றப்பட்டது. எங்கள் உறவினர் ஒருவர் சிங்களம் நன்கு பேசுவார். ஆயினும் அந்தப் பரீட்சைக்கு அமரமாட்டேன் என்று வேலையைவிட்டு வெளியேறினார். அவருடைய பிடிவாதத்தின் விலையை அவரது மனைவிதான் செலுத்தினார் என்று இப்போது தோன்றுகின்றது.

கேகாலைக் கச்சேரியில் எழுதுவினைஞர் சேவையிலிருந்த செ. கோடீஸ்வரன் வெளியேறவில்லை. பரீட்சைக்கும் அமரவில்லை. சம்பளவேற்றம் நின்றதும் கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் அரசுக்கு எதிராக வழக்குத் தொடர்ந்தார். கோரிய தொகை அற்பமானது. ஆனால் அதைக் கொடுக்க வேண்டுமெனில், 1956ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க அரசகரும மொழிச் சட்டமே செல்லாது என்று தீர்ப்பளிக்க வேண்டும். ஓர் இனத்தார் மீது ஏனையோர்மீது விதிக்கப்படாத கட்டுப்பாட்டைச் சுமத்தும் சட்டத்தை இயற்ற நாடாளுமன்றத்துக்கு அதிகாரமில்லை என்றது சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு. 1964இல் நீதிபதி ஓ. எல். டி கிறெட்சர் அவ்வாறே தீர்ப்பளித்தார். சிங்களவருமல்லாத, தமிழருமல்லாத ஒரு பறங்கி நீதிபதி அதைச் சொன்னார் என்பதை அந்நாட்களில் எங்கள் ஊரில் வியந்து பேசுவார்கள்.

அரசு மேன்முறையீடு செய்தது. 1967இல் பிரதம நீதியரசர் எச். என். ஜி. பெர்னாண்டோ தலைமையிலான அமர்வு மொழிப் பிரச்சினைக்குள் நுழையவேயில்லை. அரச ஊழியர் ஊதியத்துக்காக முடிக்கு எதிராக வழக்காட முடியாது என்று கூறி விவகாரத்தை முடித்தது. இந்தக் கோட்பாட்டின் வேர் படைமுகாமில் இருக்கின்றது என்பதே எனக்குச் சுவையான செய்தி. இராணுவ, கடற்படை அதிகாரிகள் முடியின் விருப்புள்ளவரை மட்டுமே பதவி வகிப்பர். ஊதியமோ ஓய்வூதியமோ கேட்டு நீதிமன்றம் ஏற முடியாது என்று ஆங்கிலச் சட்டம் 19ஆம் நூற்றாண்டிலேயே உறுதிப்படுத்திவிட்டது. பின்னர் 1926இல் ஸ்கொட்லாந்திலும் 1943இல் இங்கிலாந்திலும் வந்த தீர்ப்புகள் அந்த விதியைச் சிவில் ஊழியர் மீதும் நீட்டின. சிப்பாய்க்குத் தைத்த சட்டையை எழுதுவினைஞருக்கும் மாட்டினார்கள்.

லண்டனில் அந்தச் சட்டை கழற்றப்பட்டது. 1969 டிசம்பரில் கோமறைக் கழகத்தின் சார்பில் தீர்ப்புரைத்த டிப்லொக் பிரபு, உழைத்து ஈட்டிய சம்பளம் ஒரு கடன், அதற்காகச் சிவில் ஊழியர் வழக்காடலாம் என்றார். இலங்கை நீதிமன்றங்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே ஏற்ற நிலை அது. மொழிச் சட்டம் செல்லுமா என்ற கேள்வியை மட்டும் அவர் தொடாது, மீண்டும் கொழும்புக்கு அனுப்பிவைத்தார்.

கொழும்பிலிருந்து விடை வரவில்லை. 1971இல் கோமறைக் கழகத்துக்கான மேன்முறையீடு ஒழிக்கப்பட்டது. 1972 மே 22இல் குடியரசு யாப்பு வந்தது. 29ஆம் பிரிவு மறைந்தது; சிங்களமே அரசகரும மொழி என்பது யாப்பிலேயே ஏறியது. பலர் கவனிக்காத இன்னொன்றும் அதிலுண்டு. அரச உத்தியோகத்தரின் நியமனம், இடமாற்றம், பதவிநீக்கம் பற்றி அமைச்சரவை எடுக்கும் முடிவுகளை எந்த நீதிமன்றமும் விசாரிக்க முடியாது என்று 106ஆம் பிரிவு கூறியது. லண்டனில் திறந்த கதவுக்குக் கொழும்பில் பூட்டுப் போட்டாயிற்று. 1978 யாப்பு அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றம் செல்லும் வழியைத் திறந்தது. அதற்கும் ஒரு மாத அவகாசமே.

படையினரைப் பற்றிச் சொல்வதானால், 2010 ஓகஸ்டில் இராணுவ நீதிமன்றம் முன்னாள் தளபதி சரத் பொன்சேகாவின் பதவிநிலையைப் பறித்தது. இராணுவ நீதிமன்றமும் ‘நீதிமன்றம்’ எனும் சொல்லுக்குள் அடங்கும் என்று 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் கூறியது. 2015இல் ஆட்சி மாறியதும் பதவிநிலை மீண்டது. மார்ச் 22இல் அவர் பீல்ட் மார்ஷலானார். வழக்கறிஞர்கள் வருடக்கணக்கில் வாதிட்டதை ஒரு தேர்தல் சில வாரங்களில் முடித்துவைத்தது.

தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என்று 13ஆவது திருத்தம் எழுதியது 1987இல். வேலையை விட்ட எங்கள் உறவினர் அந்தச் செய்தியைப் பத்திரிகையில் இருமுறை வாசித்தார். பின்பு, நின்றுபோன சம்பளவேற்றத்தை வட்டியோடு கணக்கிட ஒரு பென்சில் கேட்டார்.