வெள்ளியும் ரூபாயும்

சிங்கப்பூர்த் தமிழர் தம் நாட்டு டாலரை இன்றும் ‘வெள்ளி’ என்றே வழங்குகின்றனர். மலேசியத் தமிழரிடையேயும் இச்சொல் நெடுங்காலம் நிலைபெற்றது. மலாய்மொழியின் ‘ரிங்கிட்’ என்னும் சொல்லும் பழைய ஸ்பானிய வெள்ளிக் காசின் வரிவரியான விளிம்பைக் குறித்தெழுந்ததே. நாணயத்திலிருந்து வெள்ளி நீங்கிய பின்னும் சொல்லிலிருந்து அது நீங்கவில்லை. கடல் கடந்து உழைத்த தமிழரின் சேமிப்பு ஊர் வந்து சேர்ந்த வரலாற்றில், இவ்வெள்ளிக்கும் இந்திய ரூபாய்க்கும் இடையிலான மாற்று வீதம் பெரும் பங்கு வகித்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்விரண்டையும் ஒப்பிடத் தராசே போதுமானதாக இருந்தது. ரூபாயில் 165 கிரெயின் தூய வெள்ளி இருந்தது. சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா ஆகிய நீரிணைக் குடியேற்றங்களில் வழங்கிய மெக்சிகோ டாலரில் ஏறத்தாழ 377 கிரெயின் இருந்தது. ஆகவே எடையளவில் ஒரு டாலர் ஏறக்குறைய இரண்டேகால் ரூபாய்க்குச் சமம். அனுப்பும் செலவும், மாற்றுவோர் கழித்துக்கொள்ளும் வட்டமும் இதனைச் சிறிது கூட்டும் அல்லது குறைக்கும். ஆயினும் அடிப்படை உலோகத்திலேயே இருந்தது.

1870களுக்குப் பின் ஐரோப்பிய நாடுகள் பொன் நாணயத்திற்கு மாறவே, வெள்ளியின் விலை சரிந்தது. இலண்டனுக்குப் பவுனில் பணம் செலுத்த வேண்டியிருந்த இந்திய அரசு இதனால் இடர்ப்பட்டது. மக்கள் கொண்டுவரும் வெள்ளியை ரூபாயாக அடித்துக் கொடுக்கும் வழக்கத்தை 1893இல் அது நிறுத்தியது. அதன்பின் ரூபாயின் மதிப்பு எடையை விட்டு அரசாணையைச் சார்ந்தது. 1899இல் ஒரு பவுனுக்கு 15 ரூபாய், அதாவது ஒரு ரூபாய்க்கு 16 பென்ஸ் என அது நிலைபெற்றது. 1906இல் நீரிணைக் குடியேற்றங்களின் டாலரும் 28 பென்ஸ் என்னும் அளவில் பவுனோடு பிணைக்கப்பட்டது.

ரூபாயின் மதிப்பும் டாலரின் மதிப்பும் இவ்வாறு தனித்தனியே பவுனைக் கொண்டே குறிக்கப்பட்டன. ஆயினும் 28ஐ 16ஆல் வகுத்தால் அவ்விரண்டிற்கும் இடையிலான வீதம் தானே கிடைத்துவிடும்: ஒரு வெள்ளிக்கு 1 ரூபாய் 12 அணா. இரு நாணயங்களை மூன்றாவதொன்றன் வாயிலாக அளக்கும் இம்முறையைக் குறுக்கு வீதம் என்பர். இதில் கருதத்தக்கது ஒன்றுண்டு. ஒரு நாணயத்தின் பிணைப்பு மாறினால், மற்றது அசையாதிருப்பினும் இரண்டிற்கும் இடையிலான வீதம் மாறிவிடும்.

1927இல் நிகழ்ந்தது அதுவே. முதல் உலகப் போர்க் காலத்தில் வெள்ளி விலை ஏறியதால் ரூபாயின் பழைய வீதம் குலைந்தது. 1920இல் அதனைப் பொன்னளவில் 2 ஷில்லிங்காக நிறுத்த மேற்கொண்ட முயற்சியும் தோற்றது. 1926இல் ஹில்டன் யங் ஆணையம் 18 பென்ஸைப் பரிந்துரைத்தது. உறுப்பினருள் ஒருவரான புருஷோத்தம்தாஸ் தாகூர்தாஸ், 16 பென்ஸே தகும் என மாறுபட்டு எழுதினார். எனினும் 18 பென்ஸே சட்டமாயிற்று. மலாயாவின் 28 பென்ஸில் எம்மாற்றமும் இல்லை. ஆயினும் ஒரு வெள்ளி, போருக்கு முன் பெற்ற 1 ரூபாய் 12 அணாவைப் பெறாமல், ஏறத்தாழ 1 ரூபாய் 9 அணாவையே பெற்றது.

மூன்றணா சிறு தொகையாகத் தோன்றலாம். 1920களின் இறுதியில் மலாயாவின் முக்கியத் தோட்ட வட்டாரங்களில் ஆண் தொழிலாளியின் நாட்கூலி 50 காசு. ஊரில் 100 ரூபாய்க் கடனை வைத்துவிட்டுக் கப்பலேறிய ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். பழைய வீதத்தில் அக்கடனைத் தீர்க்க ஏறத்தாழ 57 வெள்ளி, அதாவது 114 நாள் கூலி போதும். புதிய வீதத்திலோ ஏறத்தாழ 64 வெள்ளி, அதாவது 129 நாள் கூலி வேண்டும். விலைகளும் கூலிகளும் 18 பென்ஸுக்கு ஏற்பப் பெரும்பாலும் அமைந்துவிட்டன என்பது ஆணையத்தின் வாதம். அரிசிக்கும் துணிக்கும் அது பொருந்தலாம். கடன் பத்திரத்தில் எழுதிய தொகைக்குப் பொருந்தாது. அது நூறு நூறாகவே நின்றது. கூடுதலான பதினைந்து நாளின் உழைப்பு, பால்மரக் காட்டில் எவரும் அறியாமல் கரைந்தது.

ஜப்பானியர் ஆட்சிக்காலம் (1942–45) நீங்கலாக, இவ்வீதம் நீண்டகாலம் நிலைத்தது. 1949இல் பவுன் இறங்கியபோது இரு நாணயங்களும் உடன் இறங்கியமையால் அவற்றிடையே மாற்றம் நேரவில்லை. 1966 ஜூனில் இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைக்கவே, ஒரு வெள்ளி ஏறத்தாழ 2 ரூபாய் 45 காசாக உயர்ந்தது. 1967 ஜூனில் மலேசியா, சிங்கப்பூர், புருணை ஆகியவை தத்தம் புதிய நாணயங்களை வெளியிட்டன. அவ்வாண்டு நவம்பரில் பவுன் மீண்டும் இறங்கியது. புதிய நாணயம் உடன் இறங்கவில்லை. எஞ்சிய பழைய தாள்கள் இறங்கின. பழைய ஒரு வெள்ளி, புதிய 85 காசாயிற்று. பினாங்கில் கடையடைப்புக் கலவரமாக மாறி உயிர்கள் பலியாயின.

தோட்டத் தமிழரின் வாழ்வைக் கதையிலும் கவிதையிலும் பதிவு செய்வோர், ஊருக்கு அனுப்பிய தொகையை எழுதுவதோடு அமைதல் போதாது. அது எந்த ஆண்டின் வெள்ளி என்பதையும் அறிதல் வேண்டும். பத்து வெள்ளி என்னும் அதே சொல், 1910இல் பதினேழரை ரூபாயையும், 1930இல் பதினைந்தரை ரூபாயையும், 1966இன் இறுதியில் இருபத்து நான்கரை ரூபாயையும் குறித்தது. அவ்வேறுபாட்டை உழைத்தவர் தீர்மானிக்கவில்லை. அதனைச் சுமந்தவர் அவரே.