ஃபிலிம் அளவும் லென்ஸின் குவியத்தூரமும்

வெகுதொலைவில் உள்ள பொருளிலிருந்து வரும் ஒளியை ஒரு லென்ஸ் தனக்குப் பின்னால் எவ்வளவு தூரத்தில் குவிக்கிறதோ, அதுவே அதன் குவியத்தூரம். புகைப்பட லென்ஸ்களில் இது மில்லிமீட்டரில் பொறிக்கப்பட்டிருக்கும். இந்த எண் லென்ஸுக்கு உரியது. எந்தக் கேமராவில் மாட்டினாலும் மாறாது. ஆனால் அந்த லென்ஸ் வழியாக எவ்வளவு அகலமான காட்சி படத்தில் விழும் என்பது, பின்னால் இருக்கும் ஃபிலிம் சட்டத்தின் அளவையும் பொறுத்தது. ஃபிலிம் அளவைச் சொல்லாமல் லென்ஸின் எண்ணை மட்டும் சொன்னால், அது வைடு ஆங்கிளா, நார்மலா, டெலியா என்று யாராலும் சொல்ல முடியாது.

90 மி.மீ. லென்ஸை எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியின் லைட்ஸ் நிறுவனம் லைக்கா கேமராவுக்காக 1931இல் கொண்டுவந்த 90 மி.மீ. எல்மர், 24×36 மி.மீ. சட்டத்தில் மூலைக்கு மூலை சுமார் 27 பாகை அளவுக்கே காட்சி தரும். முகப் படங்களுக்கு ஏற்ற சிறிய டெலி லென்ஸ் அது. 1970இல் வந்த மாமியா ஆர்பி67 கேமராவின் 90 மி.மீ. லென்ஸ், 6×7 செ.மீ. சட்டத்தில் ஏறத்தாழ 53 பாகையைக் காட்டுகிறது. அங்கே அதுதான் நார்மல் லென்ஸ். ஷ்னைடர் நிறுவனத்தின் 90 மி.மீ. சூப்பர் அங்குலான் 4×5 அங்குல ஃபிலிமில் 80 பாகைக்கு மேல் அள்ளுகிறது. கட்டடங்களைப் படமெடுப்பவர்கள் விரும்பும் வைடு ஆங்கிள் இது.

எதிரே நிற்கும் ஒருவரை இம்மூன்றாலும் ஒரே தொலைவிலிருந்து எடுத்தால், மூன்று ஃபிலிமிலும் அவர் ஒரே உயரத்தில்தான் பதிவார். பெரிய ஃபிலிம் அவரைச் சுற்றியுள்ள இடத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான். இந்த ஒன்று புரிந்துவிட்டால் மற்றவை தாமாகவே விளங்கும்.

இதற்காக ஒரு லென்ஸை எங்கும் பொருத்திவிடலாம் என்று எண்ணக் கூடாது. எந்த லென்ஸும் டார்ச் வெளிச்சம்போல வட்டமான பிம்பத்தையே வீழ்த்துகிறது. அந்த வட்டத்துக்குள் சட்டத்தின் நான்கு மூலைகளும் அடங்க வேண்டும். 35 மி.மீ. ஃபிலிமுக்கென்று செய்த லென்ஸ் 4×5 அங்குல ஃபிலிமின் நடுப்பகுதியை மட்டுமே நிரப்பும். பெரிய ஃபிலிமுக்கான லென்ஸைச் சிறிய கேமராவில் மாட்டினால் இந்தச் சிக்கல் இல்லை.

நார்மல் லென்ஸ்

ஃபிலிம் சட்டத்தின் மூலைவிட்டத்துக்கு ஏறக்குறைய சமமான குவியத்தூரம் உள்ள லென்ஸே அந்த ஃபிலிமுக்கு நார்மல் என்பது புகைப்படக் கலையின் பழைய விதி. 8×11 மி.மீ. படம் எடுக்கும் மினாக்ஸ் கேமராவில் 15 மி.மீ. லென்ஸ் இருக்கிறது. 18×24 மி.மீ. அரைச்சட்டம் எடுக்கும் ஒலிம்பஸ் பென் (1959) 28 மி.மீ. லென்ஸோடு வந்தது. 120 ஃபிலிமில் 6×6 என்று சொல்லப்படும் சதுரம் உண்மையில் 56×56 மி.மீ.; அதன் மூலைவிட்டம் 79, லென்ஸ் 75 அல்லது 80. 4×5 அங்குலத்துக்கு 150, 8×10 அங்குலத்துக்கு 300.

35 மி.மீ. ஃபிலிம்தான் இந்த விதியிலிருந்து சற்று விலகி நிற்கிறது. 35 என்பது ஃபிலிமின் அகலம். படச் சட்டம் 24×36, மூலைவிட்டம் 43. ஆயினும் ஆஸ்கர் பர்னாக் வடிவமைத்து 1925இல் விற்பனைக்கு வந்த லைக்காவுக்கு மாக்ஸ் பெரெக் 50 மி.மீ. லென்ஸை உருவாக்கினார். அதுவே உலக வழக்கமாகிவிட்டது. மூலைவிட்டத்தை மதித்து 43 மி.மீ. லென்ஸ் ஒன்றைப் பெண்டாக்ஸ் 1997இல் வெளியிட்டது.

தமிழ்நாட்டு ஸ்டூடியோக்கள் நன்கறிந்த யாஷிகா இரட்டை லென்ஸ் கேமராக்களில் 635 என்ற மாடல் இங்கே தனியே குறிப்பிடத் தக்கது. அது 80 மி.மீ. லென்ஸோடு 120 ஃபிலிமில் சதுரப் படம் எடுக்கும். உடன் வரும் துணைக்கருவிகளைப் பொருத்தினால் 35 மி.மீ. ஃபிலிமையும் ஏற்கும். லென்ஸ் மாறுவதில்லை, ஃபிலிம் மட்டுமே மாறுகிறது. பார்வைக் கோணம் 53 பாகையிலிருந்து 30 பாகையாகச் சுருங்கி, நார்மல் லென்ஸ் முகப்பட லென்ஸாகிவிடுகிறது.

ஒப்பீட்டில் ஒரு சிக்கல்

6×6இல் 80 மி.மீ. என்பது 35 மி.மீ. கேமராவில் எதற்குச் சமம்? மூலைவிட்டத்தால் கணக்கிட்டால் 44 மி.மீ.; படத்தின் அகலத்தால் கணக்கிட்டால் 51 மி.மீ. கையேடுகள் இரு வேறு எண்களைத் தருவதற்குக் காரணம் இதுதான். சதுரமும் நீள்சதுரமும் ஒன்றுக்கொன்று முழுமையாகப் பொருந்தா. எதனால் அளந்தோம் என்பதைச் சொல்லிவிட்டு எண்ணைத் தருவதே நேர்மை.

காட்சிக் கோணம் ஒன்றாக இருந்தாலும் படம் ஒன்றாக இருக்காது. குவியத்தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பதே எஃப் எண். எஃப் 2.8 வைத்தால் 50 மி.மீ. லென்ஸின் துளை சுமார் 18 மி.மீ.; 80 மி.மீ. லென்ஸில் அதே எஃப் எண்ணுக்குத் துளை 29 மி.மீ. துளை பெரிதாகும்போது தெளிவாகத் தெரியும் ஆழம் குறையும். பெரிய ஃபிலிமில் எடுத்த முகப் படங்களில் பின்னணி மெத்தென்று கரைவது இதனால்தான். ஆன்சல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன் முதலிய புகைப்படக் கலைஞர்கள் 1932இல் கலிபோர்னியாவில் அமைத்த குழுவுக்கு எஃப்/64 என்று பெயரிட்டனர். 8×10 அங்குலக் கேமராவின் 300 மி.மீ. லென்ஸில் எஃப் 64 என்றால் துளை 4.7 மி.மீ.; 50 மி.மீ. லென்ஸில் எஃப் 11 வைத்தாலும் ஏறத்தாழ அதே துளைதான். முன்னிருப்பது முதல் தொடுவானம் வரை துல்லியம் கிடைக்க அவர்களுக்கு அவ்வளவு சிறிய துளை தேவைப்பட்டது.

அருகே சென்று எடுத்தால் மூக்கு பெரிதாகத் தெரிவது போன்ற மாற்றங்களுக்கு லென்ஸ் காரணம் அல்ல. நிற்கும் தொலைவே காரணம். எந்த ஃபிலிமிலும் இது ஒன்றுதான்.

சினிமாவில்

சினிமாவில் 35 மி.மீ. ஃபிலிம் செங்குத்தாக ஓடுவதால் சட்டம் சிறிது. அகாடமி அளவில் சுமார் 22×16 மி.மீ. ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசு ஏறக்குறைய எல்லாக் காட்சிகளுக்கும் 50 மி.மீ. லென்ஸையே பயன்படுத்தினார் என்பது பெயர்பெற்ற செய்தி. அதைப் படித்துவிட்டு ஸ்டில் கேமராவில் 50 மி.மீ. மாட்டினால் அவர் கண்ட காட்சி கிடைக்காது, 80 மி.மீ. அளவில் ஒரு லென்ஸ் வேண்டும். சினிமாஸ்கோப்பில் காட்சியைப் பக்கவாட்டில் பாதியாக இறுக்கும் லென்ஸ்கள் பயன்பட்டன. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் ராஜராஜ சோழன் (1973). இப்படிக் காட்சியை இறுக்கும் 50 மி.மீ. லென்ஸ் உயரத்தில் 50 போலவும் அகலத்தில் 25 போலவும் காணும்.

எல்லா லென்ஸையும் 35 மி.மீ. கணக்குக்கு மாற்றிப் பேசுவது தொடக்கத்தில் உதவும். அதிலேயே நின்றுவிடுவது நல்லதல்ல. ஹாசல்பிளாட் 500சி கேமராவில் 50 வைடு ஆங்கிள், 80 நார்மல், 150 முகப்பட லென்ஸ். அதே 50 லைக்காவில் நார்மல். அதே 150 பெரிய 4×5 கேமராவில் நார்மல். புதிதாக ஒரு பழைய கேமராவை வாங்குபவர், லென்ஸ் எண்ணைப் படிக்கும் முன் அதன் ஃபிலிம் சட்டத்தை அளவுகோலால் அளந்து மூலைவிட்டத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும்.