மூன்று வாட்: பற்றரியில் விளையாடிய கதை

சார்ஜரைக் கழற்றிய உடனே கேம் ஏன் இப்படித் திணறுகிறது என்று எங்கள் வயதுக்காரர் எல்லோரும் ஒரு தடவையாவது எரிச்சலோடு கேட்டிருப்போம். பற்றரி 100 வீதம் நிறைந்திருக்கும். செற்றிங்கில் 'உயர் செயல்திறன்' என்று போட்டிருப்போம். இருந்தும் 120 பிரேமில் ஓடியது 40க்கு விழும். கணினி நிறுவனங்கள் எங்களை ஏமாற்றுகின்றன என்று சிலர் சொல்வார்கள். இதில் ஏமாற்று இல்லை, கணக்குத்தான் இருக்கிறது.

கேமிங் மடிக்கணினி ஒன்றின் சார்ஜர் 180 வாட், 230 வாட், சிலவேளை அதற்கும் மேலே கொடுக்கும். பற்றரியோ அநேகமாக 100 வாட்-மணியைத் தாண்டாது. அதற்குக் காரணம் விமானப் பயணம். 100 வாட்-மணிக்கு மேற்பட்ட லிதியம் பற்றரியோடு விமானம் ஏறுவதானால் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். அதனால்தான் பெரிய மடிக்கணினிகளில் 99 வாட்-மணி என்ற விசித்திரமான இலக்கம் எழுதியிருக்கும். இப்போது நீங்களே வகுத்துப் பாருங்கள். 200 வாட்டை அப்படியே எடுத்தால் 99 வாட்-மணி அரை மணிநேரத்தில் முடிந்துவிடும். அதோடு, அவ்வளவு மின்னோட்டத்தை ஒரேயடியாக உறிஞ்சினால் பற்றரி சூடேறிப் பழுதாகும். ஆகவே நீங்கள் எந்த செற்றிங்கைப் போட்டாலும் கணினி தன்னைத் தானே குறைத்துக்கொள்கிறது.

எதைக் குறைப்பது, எவ்வளவு குறைப்பது என்று மனிதர் கண்டுபிடித்ததற்கு ஒரு வரலாறு உண்டு. அதில் ஒரு பகுதி யப்பானிலும் கலிபோர்னியாவிலும் நடந்தது. இன்னொரு பகுதி இங்கே, துரொண்ட்ஹைமில் நடந்தது. தொழில்நுட்ப வரலாறு என்று எழுதப்படுபவற்றில் நான் காணாத ஒரு பகுதி யாழ்ப்பாணத்தில் நடந்தது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1990 ஜூனில் போர் மறுபடி மூண்டபோது யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லாமற்போனது. கூடவே பொருளாதாரத் தடையும் வந்தது. பெற்றோல், சீமெந்து, உரம் என்று நீண்ட தடைப் பட்டியலில் பற்றரியும் இருந்தது. ஆம், ரோர்ச் லைற்றுக்கும் ரேடியோவுக்கும் போடுகிற சாதாரண பற்றரிதான். போருக்குப் பயன்படும் என்பது அரசின் காரணம். ஆனால் அங்கே வாழ்ந்த இலட்சக்கணக்கான மக்களுக்கு ரேடியோ என்பது பொழுதுபோக்கு மட்டுமல்ல. எந்த ஊரில் சண்டை, எங்கே இடம்பெயர வேண்டும், பேச்சுவார்த்தை ஏதாவது நடக்கிறதா என்பதை அறிய பிபிசி தமிழோசையும் வெரித்தாஸும் கேட்க வேண்டும். கேட்பதற்குப் பற்றரி வேண்டும்.

முடிந்துபோன பற்றரிகளை வெயிலில் காயவைத்தார்கள். இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம், இதற்கு வேதியியல் காரணம் இருக்கிறது. பழைய துத்தநாக-காபன் பற்றரி ஓய்வெடுத்தால் அதன் வோல்ட் கொஞ்சம் மீளும். சூடேறினால் உள்ளே தாக்கம் வேகமாகும். அந்தக் கடைசிச் சொட்டு ஒரு செய்தி அறிக்கையைக் கேட்டு முடிக்கப் போதும்.

அதுவும் முடிந்த பிறகு வந்தது சைக்கிள் டைனமோ. போத்தல் வடிவில் சில்லோடு உரசிக்கொண்டு முன் லைற்றை எரிக்கிற அந்தச் சின்னப் பொருளின் அளவு உலகம் முழுக்க ஏறத்தாழ ஒன்றுதான்: 6 வோல்ட், 3 வாட். ஒரு கசற் ரேடியோவுக்கு 1.5 வோல்ட் பற்றரி நான்கு போடுவார்கள், அதுவும் 6 வோல்ட். இந்தப் பொருத்தத்தை யாரோ முதலில் கவனித்திருக்கிறார். ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. டைனமோ தருவது ஆடலோட்டம், ரேடியோ கேட்பது நேரோட்டம். பழைய கருவிகளிலிருந்து கழற்றிய நான்கு டயோட்டுகளைச் சதுரமாக இணைத்தால் அந்தச் சிக்கல் தீரும். பிறகு சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்துவைத்து ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்பார்கள். சுற்றுபவர் களைத்தால் பாட்டு இழுபடும். உடனே அடுத்தவர் கை மாறுவார்.

இதைச் செய்தவர்கள் இன்று ஒஸ்லோவிலும் அதன் அயலிலும், குரூருடாலனிலும் லோரன்ஸ்கூகிலும், ஐம்பது அறுபது வயதில் இருக்கிறார்கள். எங்கள் வீடுகளில் இது பகிடியாகத்தான் சொல்லப்படுகிறது. "நாங்கள் டைனமோ சுத்திப் பாட்டுக் கேட்டனாங்கள், நீ வைஃபை இல்லையெண்டு அழுறாய்." பகிடிக்குப் பின்னால் உள்ள பொறியியலை யாரும் கேட்பதில்லை. மின்சாரம் எவ்வளவு இருக்கிறது என்று முதலில் கணக்கிட்டு, அதற்குள் அடங்குகிற வேலையை மட்டும் தேர்வது அவர்கள் செய்தது. ரி.வி.யை விட்டுவிட்டு ரேடியோவைத் தேர்ந்தார்கள். படிப்புக்கு ஜாம் போத்தலில் துளி மண்ணெண்ணெய் விட்டு, பஞ்சுத்திரி போட்டு, சின்னச் சுடரைத் தேர்ந்தார்கள். இன்று 'பவர் பட்ஜெற்' என்று பொறியியலாளர் சொல்வதும் இதைத்தான். (தடை விலகியது 2002 தொடக்கத்தில். அந்த வருடம் பெப்ரவரி 22ஆம் திகதிப் போர்நிறுத்த உடன்பாட்டுக்கு நடுநிலை வகித்த நாடு எது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.)

அதே காலத்தில் யப்பானில் வேறு ஒருவர் அதே கணக்கைப் போட்டார். நிண்டெண்டோவின் குன்பெய் யோக்கோய், நன்கு பழகிப்போன மலிவான தொழில்நுட்பத்தைப் புதிய விதத்தில் பயன்படுத்த வேண்டும் என்று நம்பியவர். 1989இல் வந்த கேம் போய்க்கு நிறம் இல்லை, திரைக்குப் பின்னால் விளக்கு இல்லை. ஆனால் நான்கு சின்னப் பற்றரியில் பத்து மணிநேரத்துக்கு நன்றாக மேலே ஓடியது. அடுத்த வருடம் வந்த சேகாவின் கேம் கியருக்கு நிறமும் இருந்தது, விளக்கும் இருந்தது. ஆறு பற்றரி போட்டும் மூன்று முதல் ஐந்து மணிநேரந்தான். கேம் போய் அதன் நிறப் பதிப்போடு சேர்த்து 11 கோடிக்கு மேல் விற்றது. கேம் கியர் ஏறத்தாழ ஒரு கோடி. விளையாட்டுகளின் தரம், விலை என்று வேறு காரணங்களும் உண்டுதான். ஆனால் பற்றரி பெரிய காரணம்.

மடிக்கணினிக்கு வருவோம். 2000 ஜனவரி மாதம் முக்கியமானது. இன்டெல் தன் மடிக்கணினி பென்ரியம் 3 சில்லுக்கு 'ஸ்பீட்ஸ்ரெப்' என்ற வசதியைக் கொண்டுவந்தது. சார்ஜரில் இருக்கும்போது 650 மெகாஹேர்ட்ஸ், 1.6 வோல்ட். கழற்றினால் 500 மெகாஹேர்ட்ஸ், 1.35 வோல்ட். நீங்கள் சார்ஜரைக் கழற்றும்போது இன்று நடப்பதற்கு முன்னோடி இதுதான்.

இங்கே கொஞ்சம் நின்று கணக்கைப் பார்ப்பது பிரயோசனம். சில்லு வேலை செய்யும்போது செலவழிக்கும் மின்சாரம் வேகத்தோடு நேராகக் கூடும், வோல்ட்டோடு வர்க்கமாகக் கூடும். வேகத்தைக் குறைத்தால் வோல்ட்டையும் குறைக்கலாம் என்பதுதான் விசயம். 500ஐ 650ஆல் வகுத்தால் 0.77. 1.35ஐ 1.6ஆல் வகுத்து வர்க்கமாக்கினால் 0.71. இரண்டையும் பெருக்க 0.55 வரும். வேகத்தில் 23 வீதத்தை விட்டுக்கொடுத்து மின்செலவில் 45 வீதத்தை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். இந்த ஏற்றத்தாழ்வான வியாபாரம் தான் பற்றரி செற்றிங் எல்லாவற்றுக்கும் அடிப்படை. கடைசிக் கொஞ்ச வேகம்தான் எப்போதும் மிக விலையுயர்ந்தது.

அதே மாதம் ட்ரான்ஸ்மெற்றா என்ற சின்ன நிறுவனம் குருசோ என்ற சில்லை அறிமுகப்படுத்தியது. சார்ஜர் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்க்காமல், வேலை எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து நொடிக்குள் பல தடவை வேகத்தையும் வோல்ட்டையும் மாற்றியது அது. லினக்ஸை உருவாக்கிய பின்லாந்துக்காரர் லினுஸ் டோர்வால்ட்ஸ் அப்போது அங்கேதான் வேலை செய்தார். நிறுவனம் நிலைக்கவில்லை, யோசனை நிலைத்தது. இன்றைக்கு எல்லாச் சில்லும் அப்படித்தான் நடந்துகொள்கிறது.

இனி துரொண்ட்ஹைம். நோர்வே மின்சாரப் பஞ்சம் அறியாத நாடு. நீர்மின்சாரம் வேண்டிய மட்டும் உண்டு. வீட்டையே மின்சாரத்தில் சூடாக்குகிற மக்கள். 1992 முதல் ஈஸ்ரர் நாட்களில் நடக்கும் 'த கதறிங்' ஒன்றுகூடலைப் பாருங்கள். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் கனமான மேசைக்கணினிகளைத் தூக்கிக்கொண்டு ஹாமாரின் விக்கிங்ஷிப்பெற் மண்டபத்துக்குப் போய் வரிசையாக மின்சாரத்தில் செருகுவார்கள். குறைந்த மின்சாரத்தில் விளையாடுவது எப்படி என்ற கேள்வி இப்படி ஒரு நாட்டில் எழ நியாயமே இல்லை.

எழுந்ததற்குக் காரணம் காசு என்பது என் எண்ணம். துரொண்ட்ஹைம் பல்கலைக்கழகமான என்.ரி.என்.யு.வில் 1990களின் இறுதியில் சில மாணவர் முப்பரிமாண கிராபிக்ஸ் சில்லு ஒன்றில் வேலை செய்தார்கள். 2001இல் அது ஃபாலாங்ஸ் என்ற நிறுவனமானது. மேசைக்கணினிச் சந்தையில் என்விடியாவும் ஏ.ரி.ஐ.யும் மலைபோல நின்றன. நாலைந்து பேர் அங்கே மோத முடியாது. அவர்கள் கைத்தொலைபேசிப் பக்கம் திரும்பினார்கள். சில்லுக்கு வைத்த பெயர் மாலி. எங்களுக்குப் புல்லாங்குழல் மாலி ஞாபகம் வரும். குரோவேசிய மொழியில் அந்தச் சொல்லுக்கு 'சிறியது' என்று பொருள்.

மாலி மின்சாரத்தைச் சேமித்த விதம் அழகானது. கிராபிக்ஸில் கணக்குப் போடுவதைவிட, வெளியே இருக்கும் நினைவகத்துக்குப் போய்வருவதற்குத்தான் அதிக மின்சாரம் போகிறது. சமைப்பதைவிடக் கடைக்கு நடப்பது களைப்பு என்பது மாதிரி. அதனால் திரையை 16க்கு 16 புள்ளிகள் கொண்ட சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் சில்லுக்குள்ளேயே வரைந்து முடித்து, முடிந்ததை ஒரே தடவை வெளியே அனுப்பினார்கள். கட்டம் கட்டமாக வரைவது உலகத்துக்குப் புதிதல்ல, ஆனால் சின்னப் பற்றரிக்கு அதைப் பொருத்தி எடுத்தது சாமர்த்தியம். 2006 ஜூனில் பிரித்தானிய நிறுவனமான ஆர்ம் ஃபாலாங்ஸை வாங்கியது. வேலை துரொண்ட்ஹைமிலேயே தொடர்ந்தது. 2011இல் சாம்சங் கலக்ஸி எஸ் 2இல் இருந்த கிராபிக்ஸ் மாலி-400. மாலி வடிவமைப்புகளின் பெயர்களைப் பார்த்தாலே ஊர் தெரியும்: ஊட்கார்ட், மிட்கார்ட், பிஃப்றொஸ்ட், வல்ஹால். பாடசாலையில் படித்த வைக்கிங் புராணம் அப்படியே அண்ட்ரொய்ட் போனுக்குள் இருக்கிறது.

ஒஸ்லோவுக்கும் பங்குண்டு. 2007இல் இங்கே தொடங்கிய எனர்ஜி மைக்ரோ, பற்றரியில் நீண்டகாலம் தூங்கித் தூங்கி வேலை செய்யும் சின்னச் சில்லுகளைச் செய்தது. அவற்றுக்கு வைத்த பெயர் கெக்கோ, அதாவது பல்லி. 2013இல் அமெரிக்காவின் சிலிக்கன் லாப்ஸ் அதை வாங்கிவிட்டது. இவை கேமுக்கல்ல, மீற்றருக்கும் உணரிக்கும். அதனால் விட்டுவிடுகிறேன்.

2022இல் வந்த ஸ்டீம் டெக்தான் இந்தக் கதைகளை ஒரே கையில் சேர்த்தது. பற்றரி 40 வாட்-மணி மட்டுமே. சில்லு எத்தனை வாட் எடுக்கலாம் என்பதை விளையாடுபவரே ஒரு கோட்டை இழுத்துத் தீர்மானிக்கலாம். மேல் எல்லை 15 வாட், கீழ் எல்லை 3 வாட். மூன்றைப் பார்த்தபோது எனக்கு டைனமோ ஞாபகம் வந்தது. திரைக்கு வேறாக மின்சாரம் வேண்டும் என்பது உண்மைதான், கவிழ்த்த சைக்கிளில் ஸ்டீம் டெக்கை ஓட்ட முடியாது. ஆனால் பழைய இருபரிமாண கேம் ஒன்றுக்கு அந்த 3 அல்லது 4 வாட் போதும். அதைச் செய்தவர்களுக்கு 40 வாட்-மணி பல மணிநேரம் நீளும்.

இதே முறையை மடிக்கணினியிலும் செய்யலாம். முதலில் பிரேமுக்கு உச்சவரம்பு வையுங்கள். எல்லாவற்றிலும் அதிகம் மிச்சம் பிடிப்பது இதுதான், ஏனெனில் நீங்கள் கேட்காவிட்டால் சில்லு தேவையில்லாமல் 110 பிரேம் வரைந்துகொண்டே இருக்கும். 30 கண்ணுக்குக் கரடுமுரடாக இருந்தால் 40 வைத்துப் பாருங்கள். 60இல் ஒரு பிரேமுக்கு 16.7 மில்லிநொடி, 30இல் 33.3, 40இல் 25. நேரக் கணக்கில் 40 சரி நடுவில் நிற்கிறது. ஆனால் திரை அதற்கு ஒத்துழைக்க வேண்டும்: 120 ஹேர்ட்ஸ் திரையில் 40 ஒழுங்காகப் பொருந்தும், 60 ஹேர்ட்ஸ் திரையில் குலுங்கும். திரை 144இல் இருந்து, நீங்கள் 30இல் விளையாடுவதானால், 60க்கு இறக்குங்கள். வெளிச்சத்தைக் குறையுங்கள். விண்டோஸில் பவர் பிளானுக்குள் போய், பற்றரியில் இருக்கும்போது புரொசெசரின் உச்ச நிலையை 100இலிருந்து 99 வீதத்துக்கு மாற்றினால் பல கணினிகளில் ரேர்போ வேகம் நின்றுவிடும். ஒரு வீதம் குறைத்ததாகத் தோன்றும், நிற்பதோ அந்த விலையுயர்ந்த கடைசி வேகம். பழைய கேம் என்றால் என்விடியா அட்டையை விட்டுவிட்டு புரொசெசருக்குள் இருக்கும் கிராபிக்ஸில் ஓட்டிப் பாருங்கள். பெரிய அட்டை முழுதாக உறங்குவதே பெரிய சேமிப்பு.

மின்சாரம் இல்லாத ஹுத்தாவுக்குக் கணினியைக் கொண்டுபோகிறவர்களுக்கு ஒன்று: குளிரில் லிதியம் பற்றரி வழக்கமானதைவிடக் குறைவாகவே தரும். இரவு முழுக்கக் காரில் கிடந்து பூச்சியத்துக்குக் கீழே போன கணினியைக் கொண்டுவந்த கையோடு பவர்பாங்கில் செருகாதீர்கள். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் பற்றரிக்குள் லிதியம் உலோகமாகப் படியும், அது திரும்பாது. அடுப்புக்குப் பக்கத்தில் இல்லாமல் அறைக்குள் சும்மா ஒரு மணிநேரம் வைத்து, தொட்டுப் பார்த்துக் குளிர் போன பிறகு செருகுங்கள்.