திரையில் பாதி, நெஞ்சில் பாதி

இயல், இசை, நாடகம் என்று தமிழை மூன்றாக வகுத்தனர் நம் முன்னோர். அந்த மூன்றையும் ஒரே வெள்ளைத் திரையில் கட்டி நிறுத்திய கலை திரைப்படம் என்றால் மிகையன்று. தமிழர்களாகிய நமக்கும் திரைப்படத்திற்கும் உள்ள உறவு சொல்லித் தெரிய வேண்டியதில்லை. படம் பார்த்துவிட்டு வந்தால் எதைப் பற்றிப் பேசுகிறோம்? கதை, பாட்டு, நடிகர், சண்டை. "என்னமா நடிச்சிருக்கான்!" என்போம். "அந்த இடத்திலே அழுதே போயிட்டேன்" என்போம். சரி, அந்த இடத்தில் ஏன் அழுதோம்? அதை மட்டும் நாம் நம்மையே கேட்டுக்கொள்வதில்லை.

அழ வைத்தவர் நடிகர் மட்டுமல்லர். காமிரா எங்கே நின்றது, எவ்வளவு நெருங்கியது, எந்த ஓசை நம் காதுக்கு வந்தது, எந்த ஓசை வராமல் தடுக்கப்பட்டது, இவை எல்லாம் சேர்ந்துதான் நம் கண்ணீரைப் பிழிகின்றன. இந்த வித்தை ஒரே நாளில் வந்ததன்று. ஏறக்குறைய 130 ஆண்டு வரலாறு அதற்கு உண்டு. அந்த வரலாற்றை மாணவர்கள் அறிந்திருப்பது அவசியம். ஏன் அவசியம் என்பது போகப் போக விளங்கும்.

ரயில் வந்த கதை

1895 டிசம்பர் 28. பாரிஸ் நகரில் கிராண்ட் கபே என்னும் காப்பிக் கடையின் கீழ்த்தளத்தில், லூமியேர் சகோதரர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு அசையும் படங்களைக் காட்டினார்கள். மொத்தம் பத்துப் படங்கள். ஒவ்வொன்றும் ஒரு நிமிடம்கூட ஓடாது. மறு ஆண்டில் அவர்கள் காட்டிய இன்னொரு படம் உலகப் புகழ் பெற்றது. லா சியோத்தா என்ற ஊரின் நிலையத்துக்குள் ஒரு ரயில் வருகிறது, பயணிகள் இறங்குகிறார்கள். அவ்வளவுதான் படம். ரயில் தங்கள் மேல் ஏறிவிடும் என்று பயந்து ஜனங்கள் அலறி ஓடினார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். வரலாற்று ஆய்வாளர்கள் பலர் இதை நம்புவதில்லை.

நடந்ததோ இல்லையோ, அப்படி ஒரு கதை பிறந்ததற்குக் காரணம் இருக்கிறது. தண்டவாளத்தை ஒட்டி, நடைமேடையில், கொஞ்சம் கோணலாகக் காமிராவை நிறுத்தியிருந்தார்கள். தூரத்தில் சின்னதாகத் தெரிந்த ரயில், வர வரப் பெரிதாகித் திரையின் ஓரத்தை முட்டிக்கொண்டு போகிறது. அதே ரயிலைத் தொலைவிலிருந்து பக்கவாட்டில் எடுத்திருந்தால் யாருக்கும் நெஞ்சு படபடத்திருக்காது. ரயில் ஒன்றுதான். மாறுவது நாம் நிற்கும் இடம்.

அந்தக் காலத்துப் படங்களுக்கு ஊமைப் படம் என்று பெயர் வந்ததே தவிர, கொட்டகை என்றுமே ஊமையாக இருந்ததில்லை. மேல்நாடுகளில் திரைக்குப் பக்கத்தில் பியானோ வாசித்தார்கள். ஜப்பானில் 'பென்ஷி' எனப்படும் கதைசொல்லி நின்று, பாத்திரங்களுக்கெல்லாம் குரல் கொடுத்தார். தமிழ்நாட்டில், திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் படம் காட்டும் கருவியை வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். கொட்டகைகளில் படத்தை விளக்கிச் சொல்ல ஆள் நிற்பதும் உண்டு. கண் மட்டும் பார்த்தால் போதாது, காதுக்கும் ஏதாவது வேண்டும் என்பதைக் கலைஞர்கள் தொடக்கத்திலேயே உணர்ந்துகொண்டார்கள்.

ஒரே முகம், மூன்று உணர்ச்சி

நாடக மேடையில் அரசன் கண்ணீர் விட்டால் கடைசி வரிசைக்காரனுக்கு அது தெரியாது. ஆகவே நடிகர் கையை வீசி, குரலை உயர்த்தி அழ வேண்டும். காமிரா முகத்தருகே வந்ததும் இந்தத் தொல்லை ஒழிந்தது. இமை துடித்தாலே போதும். அமெரிக்காவில் 1908 முதல் படம் எடுத்த டி. டபிள்யூ. கிரிஃபித், இந்த 'குளோஸ்-அப்' காட்சியைக் கதை சொல்லும் கருவியாகவே வளர்த்தார்.

ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் என்பவர் இதற்கு மேலும் ஒரு படி போனார். 1920-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அவர் செய்த ஒரு சோதனையைப் பற்றி, அவருடைய மாணவர் புடோவ்கின் எழுதி வைத்திருக்கிறார். மொஸ்ஜூகின் என்ற நடிகரின் முகம். அதில் எந்த உணர்ச்சியும் இல்லை. அந்த முகத்துக்கு அடுத்து ஒரு தட்டில் சூப்பைக் காட்டினார்கள், "ஐயோ பாவம், பசி!" என்றனர் பார்த்தவர்கள். அடுத்து, சவப்பெட்டியில் கிடக்கும் ஒரு பெண்ணைக் காட்டினார்கள், "எவ்வளவு துக்கம்!" என்றனர். பிறகு, விளையாடும் ஒரு குழந்தை; "என்ன பாசம்!" என்றனர். உண்மையில் மூன்று இடத்திலும் அதே முகந்தான், அதே படச்சுருள்தான். பசியும் துக்கமும் பாசமும் அந்த முகத்தில் இல்லை. பார்த்தவர்கள்தாம் அவற்றைத் தங்கள் நெஞ்சிலிருந்து எடுத்து அந்த முகத்தில் பூசினார்கள்.

மாணவர்களே, திரைக் கலையின் அடிப்படை இதுதான். படம் பாதியைக் காட்டுகிறது. மீதியை நாம் போட்டு நிரப்புகிறோம். நாமே நிரப்பியது என்பதால் அதை உண்மை என்று நம்பிவிடுகிறோம்.

பேச்சு வந்தது, காமிரா கட்டுண்டது

1927 அக்டோபர் 6-ஆம் நாள் நியூயார்க்கில் 'தி ஜாஸ் சிங்கர்' வெளியானது. பெரும்பகுதி ஊமைப் படமே. ஆனால் பாட்டும் சில பேச்சுகளும் உதட்டசைவோடு சேர்ந்து ஒலித்தன. உலகமே பேசும் படத்துக்கு மாறியது. இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். காமிரா ஓடும்போது எழும் இரைச்சலும் சேர்ந்து பதிவானதால், அதை ஒலி புகாத ஒரு கூண்டுக்குள் வைத்து மூடினார்கள். ஓடியாடித் திரிந்த காமிரா முடமாகிப் போனது. நடிகர்களும் ஒலிவாங்கி மறைத்து வைக்கப்பட்ட இடத்தை விட்டு நகராமல் பேச வேண்டியிருந்தது.

இந்தியாவில் 'ஆலம் ஆரா' 1931 மார்ச் 14-இல் வந்தது. அதே ஆண்டு அக்டோபர் 31-இல் சென்னையில் 'காளிதாஸ்' திரையிடப்பட்டுத் தமிழும் திரையில் பேசத் தொடங்கியது. அக்காலத்தில் பாட்டுத் தெரிந்தவர்தான் நடிகராக முடியும். காமிரா முன் நின்று அவரே பாட வேண்டும். பக்கவாத்தியக்காரர்கள் காமிராவின் கண்ணில் படாமல் மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வாசிப்பார்கள். பின்னணிப் பாடல் முறை வந்த பிறகே இந்தக் கட்டு அவிழ்ந்தது. தமிழில் 1938-இல் வந்த 'நந்தகுமார்' அதற்கு வழி காட்டியது. பாட்டு முன்னதாகவே பதிவாகிவிட்டதால் நடிகர் ஓடலாம், மலை ஏறலாம், காமிராவும் கூடவே போகலாம். இன்று நம்மைத் துள்ள வைக்கும் பாட்டுக் காட்சிகள் எல்லாம் இந்த விடுதலையின் பிள்ளைகளே.

நம் மண்ணிலும் இதன் எதிரொலி கேட்டது. சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸில் இருந்த ஷா சகோதரர்களின் ஸ்டூடியோவில், தொடக்கத்தில் மலாய்ப் படங்களை இயக்கியவர்களில் பலர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். அவர்களுள் தமிழ்நாட்டில் பிறந்த எல். கிருஷ்ணன் 1950-இல் 'பக்தி' என்ற படத்தில் பி. ரம்லியைக் கதாநாயகனாக்கினார். ரம்லியின் முகமும் அவருடைய சொந்தக் குரலும் ஒன்றாகவே ரசிகர்களின் நெஞ்சில் குடியேறின.

கேட்பதும் கேளாததும்

பேச்சு வந்ததும், இடைவிடாமல் பேசுவதே பேசும் படம் என்று பலர் எண்ணினார்கள். சில மேதைகள் மட்டுமே ஓசையைச் சிந்தித்துப் பயன்படுத்தினார்கள்.

1929-இல் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் இங்கிலாந்தில் எடுத்த 'பிளாக்மெயில்' படத்தில், தன்னைக் காத்துக்கொள்ள ஒருவனைக் கத்தியால் குத்திவிட்ட ஒரு பெண், மறுநாள் காலை ஒன்றும் நடவாததுபோல் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரி அந்தக் கொலையைப் பற்றி ஓயாமல் பேசுகிறாள. கொஞ்சம் கொஞ்சமாக அவள் பேச்சு மங்கிவிடுகிறது. 'கத்தி' என்ற ஒரு சொல் மட்டும் மீண்டும் மீண்டும் தெளிவாகக் கேட்கிறது. குற்ற உணர்வு நெஞ்சைக் குத்தும்போது காது எப்படிக் கேட்கும் என்பதை நாமே அனுபவிக்கிறோம். இப்போது நாம் பார்வையாளர் அல்லர். அந்தப் பெண்ணாகவே ஆகிவிட்டோம்.

1931-இல் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் லாங் எடுத்த 'எம்' படம் குழந்தைகளைக் கொல்லும் ஒருவனைப் பற்றியது. பள்ளிவிட்டு வராத மகளைத் தாய் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். அந்தக் குரலின்மேல் லாங் காட்டுவது என்ன? ஆளில்லாத மாடிப்படி. காலியான தட்டு. புல்வெளியில் உருண்டு வரும் பந்து. கம்பியில் சிக்கிய பலூன். கொலையைக் காட்டவே இல்லை. ஒரு சொட்டு இரத்தம் இல்லை. ஆனால் பார்த்த எந்தத் தாயும் அதை மறக்க மாட்டாள்.

கீழிருந்து பார்த்தால்

காமிராவைத் தரையோடு வைத்து ஒருவரை அண்ணாந்து பார்த்தால் அவர் உயர்ந்து தெரிவார். நம் கதாநாயகர்கள் முதன்முதலில் திரையில் தோன்றும்போது கொட்டகையில் விசில் பறக்கிறதே, அதில் இந்தக் கோணத்துக்கும் பங்குண்டு. இதில் என்ன கெடுதல் என்று கேட்கலாம். வரலாறு பதில் சொல்கிறது.

1934-இல் நூரம்பெர்க் நகரில் நடந்த நாஜிக் கட்சியின் மாநாட்டை லெனி ரீஃபென்ஸ்டால் படமாக்கினார். 'மன உறுதியின் வெற்றி' என்று பொருள்படும் தலைப்போடு 1935-இல் அது வெளிவந்தது. மேகங்களைக் கிழித்துக்கொண்டு ஹிட்லரின் விமானம் ஏதோ தெய்வம் இறங்குவதுபோல் இறங்குகிறது. கொடிக்கம்பம் ஒன்றில் மின்தூக்கி பொருத்தி, அதிலிருந்தும் காமிரா கூட்டத்தைக் கண்டது. தலைவனைக் கீழிருந்து காட்டினார்கள். மக்களை மேலிருந்து, எண்ணிலடங்காத வரிசைகளாகக் காட்டினார்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தப் படத்தில் விளக்கம் சொல்லும் குரலே கிடையாது. "இவர் பெரியவர்" என்று யாரும் சொல்லவில்லை. பார்த்தவன் தானாகவே அந்த முடிவுக்கு வரும்படி செய்தார்கள். அந்தத் தலைவனின் ஆட்சி பின்னர் ஏறக்குறைய 60 லட்சம் யூதர்களைக் கொன்று குவித்தது.

கோணத்துக்கென்று நிரந்தரமான ஒரு பொருள் உண்டு என்றும் எண்ணிவிட வேண்டாம். 1941-இல் ஆர்சன் வெல்ஸ் எடுத்த 'சிட்டிசன் கேன்' படத்தில், தேர்தலில் தோற்ற கேன் தன் நண்பனோடு பேசும் காட்சிக்காகத் தரையையே குழி தோண்டி, அதற்குள் காமிராவை இறக்கினார்கள். கேன் மலைபோல் தெரிகிறான். ஆனால் தோற்றுப்போன, தனித்துப்போன மலை. அதே கோணம், வேறு இடம், வேறு பொருள்.

மலாயாவிலும் 1946-இல் அரசாங்கத்தின் மலாயா பிலிம் யூனிட் தோன்றியது. 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், வேன்களில் படக்கருவி ஏற்றிக்கொண்டு தோட்டங்களுக்கும் புதுக்கிராமங்களுக்கும் சென்று தகவல் படங்களைக் காட்டினார்கள். தமிழிலும் காட்டினார்கள். திடலில் வெள்ளைத் துணி கட்டினால் தோட்டமே திரண்டுவிடும். அவை சொன்னதெல்லாம் பொய் என்பது நம் கருத்தன்று. எந்தப் படத்துக்கும் பின்னால் ஒருவர் நின்று, ஒரு நோக்கத்தோடு, காமிராவுக்கு இடம் குறிக்கிறார் என்பதே கருத்து.

அழுகுரல் இல்லாத அழுகை

இதே வித்தை நல்லவர் கையில் எப்படி மலரும் என்பதற்கு 1955-இல் வந்த சத்தியஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி' சான்று. ஊரிலிருந்து திரும்பிய தந்தை, மகள் துர்கா இறந்தது தெரியாமல், அவளுக்கென வாங்கி வந்த சேலையைத் தாயிடம் நீட்டுகிறார். தாய் கதறுகிறாள். ஆனால் அவள் குரல் நமக்குக் கேட்பதில்லை. அந்த இடத்தில் தார் ஷெனாய் என்னும் வாத்தியத்தின் ஓலம் மட்டும் எழுகிறது. இசை ரவிசங்கருடையது. கேட்ட அழுகை ஒரு தாயினுடையதாக இருந்திருக்கும். கேளாத அழுகையோ எல்லாத் தாய்மாருடையதாகவும் ஆகிவிட்டது.

தமிழிலும் ஒரு துணிச்சல் நடந்தது. 1954-இல் ஏவி.எம். தயாரிப்பில் வந்த 'அந்த நாள்' படத்தில் ஒரு பாட்டுகூட இல்லை. பாட்டில்லாமல் தமிழ்ப் படமா என்று மலைக்க வைத்தவர், வீணை வித்துவானாகிய எஸ். பாலசந்தர்! இசையை நன்றாக அறிந்தவருக்கே அதை எங்கே நிறுத்த வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. துப்பாக்கிச் சத்தம் ஒன்று கேட்கிறது, ராஜன் விழுகிறான். கொன்றது யார் என்ற கேள்வியை மறந்து தாளம் போட ரசிகனுக்கு அவர் இடமே தரவில்லை.

காணாத சுறா

1975-இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 'ஜாஸ்' படத்தை எடுத்தபோது, இயந்திரச் சுறா கடல் நீரில் அடிக்கடி பழுதாகிப் படுத்துவிட்டது. சுறாவைக் காட்டாமலே சுறாவைக் காட்ட வேண்டிய கட்டாயம். ஜான் வில்லியம்ஸ் இரண்டே சுரங்களை மாறி மாறி ஒலிக்கவிட்டார். முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. தண்ணீரைத் தவிர வேறொன்றும் தெரியாத இடத்திலும் ஜனங்கள் நடுங்கினார்கள். ஒரு காட்சியில் இரண்டு சிறுவர்கள் அட்டையால் செய்த துடுப்பைக் காட்டிக் கடற்கரையையே மிரட்டுவார்கள். அங்கே அந்த இசை இல்லை! கண்ணுக்குத் துடுப்புத் தெரிந்தும், காதுக்குச் சுறா வரவில்லை.

படம் முடிந்தும் பயம் முடியவில்லை. சுறாவைக் கொடிய பகையாகவே பலரும் எண்ணத் தலைப்பட்டனர். மூலக் கதையை எழுதிய பீட்டர் பெஞ்ச்லியே அதற்காக வருந்தி, பிற்காலத்தில் சுறாக்களைக் காக்கப் பாடுபட்டார். இரண்டு சுரங்களுக்கு அவ்வளவு வலிமை.

நாம் செய்ய வேண்டுவது

அப்படியானால் படமே பார்க்கக் கூடாதா? தாராளமாகப் பாருங்கள். அழுங்கள், சிரியுங்கள். வித்தை தெரிந்துவிட்டால் ரசனை குறைந்துவிடும் என்பது வீண் பயம். இராகம் தெரிந்தவன் கச்சேரியை இன்னும் நன்றாகவே ரசிப்பான்.

ஆனால் ஒரு சிறு பயிற்சி செய்யுங்கள். உங்களை உருக்கிய ஒரு காட்சியை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அதே காட்சியைக் கேளுங்கள். எது உங்களை உருக்கியது என்பது பிடிபட்டுவிடும். காமிரா எங்கே நின்றது? வேறிடத்தில் நின்றிருந்தால் என்ன தெரிந்திருக்கும்? எதைக் காட்டாமல் விட்டார்கள்?

இன்று ஒவ்வொருவர் கைப்பேசியிலும் காமிரா இருக்கிறது. அரை நிமிடப் படம் ஒன்று, சோகமான இசையோடு வந்து, "இவன் கெட்டவன், அவர் நல்லவர்" என்று சொல்லாமல் சொல்லிவிடுகிறது. அதை உடனே பத்துப் பேருக்கு அனுப்பியும் விடுகிறோம். குலெஷோவ் காட்டிய அந்த முகத்தை அப்போது நினைத்துக்கொள்ளுங்கள். முகத்தில் இருந்தது எது, நாம் பூசியது எது என்று ஒரு கணம் நின்று பிரித்துப் பாருங்கள். எழுத்தைப் படிக்கப் பள்ளியில் கற்றுக்கொள்கிறோம். காட்சியைப் படிக்கவும் கற்றுக்கொண்டால்தான் நம் கல்வி நிறைவு பெறும். அத்தகைய கண்ணும் காதும் நம் மாணவர் அனைவருக்கும் வாய்க்கட்டும்!