உளி பிடித்த கை

லால்குடி என இன்று வழங்கும் திருத்தவத்துறையின் சப்தரிஷீசுவரர் ஆலயத்தில் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ் எழுத்துகள் கல்லில் நிற்கின்றன. தெள்ளாறெறிந்த நந்திவர்மன் காலத்தனவும் பாண்டியன் வரகுணன் காலத்தனவும் அவற்றுள் உண்டு. ஆய்வாளர் அவற்றில் அரசன் பெயரைத் தேடுவர். ஆட்சியாண்டையும் கொடையின் அளவையும் தேடுவர். வெட்டிய கை எது என்று கேட்பாரில்லை. வலக்கைப் பழக்கமுள்ள கற்றச்சன் சுத்தியலை வலக்கையிலும் உளியை இடக்கையிலும் பிடிப்பான். விசை தருவது வலக்கை. எழுத்தின் வளைவையும் சுழிப்பையும் கல்லின்மேல் நடத்திச் செல்வது இடக்கை. அவ்வகையில் பார்த்தால், தமிழகத்துக் கல்லெழுத்துகளில் பெரும்பங்கு இடக்கையின் வழிகாட்டலில் பிறந்ததே.

ஓலையிலும் அக்கை சும்மா இருந்ததில்லை. நறுக்கிப் பதப்படுத்திய ஏட்டை இடக்கையில் ஏந்தி, கட்டைவிரல் நகத்தில் வெட்டிய பள்ளத்தில் எழுத்தாணியின் நுனியைத் தாங்கி எழுதுவதே பழைய முறை. வலக்கை கீறும், இடக்கை ஏட்டை மெல்ல நகர்த்திக் கொடுக்கும். இரு கையும் இசைந்தாலன்றி ஒரு வரியும் நேராக அமையாது. திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை செய்யுட்களைச் சொல்லிக்கொண்டே போக, மாணாக்கர் ஏட்டில் எழுதிய செய்தி தமிழுலகம் அறிந்தது. அந்த வேகத்தில் பாதி, புகழ் பெறாத இடக்கையினுடையது. இடக்கைப் பழக்கமுள்ள ஒருவன் ஏட்டைக் கைமாற்றிக் கொண்டாலும் பெருந்தீங்கு நேராது. கீறிய பின்னரே மை தடவுவதால் எழுதும்போது கலைவதற்கு ஏதுமில்லை.

மணலில் எழுதும் விரலுக்கும் அத்தகைய தடை இல்லை. திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் அகரம் எழுதிப் பழகினர். சென்னை எழும்பூர் ஆதரவற்றோர் விடுதியில் 1789 முதல் 1796 வரை பொறுப்பு வகித்த ஆண்ட்ரூ பெல் இம்முறையைக் கண்டு வியந்து தம் பள்ளியிலும் புகுத்தினார். 1797இல் இங்கிலாந்தில் அதைப்பற்றி நூலும் வெளியிட்டார். மணலுக்குக் கை பேதம் தெரியாது. ஆசானுக்குத் தெரிந்தது. அவர் பிடித்து எழுதுவித்த விரல் வலக்கை விரலே.

பேதத்தின் வேர் எழுத்தில் இல்லை, உணவிலும் தூய்மையிலும் இருக்கிறது. சோற்றுக்கை, பீச்சாங்கை என்று கைகளுக்கு அவை செய்யும் வேலையை வைத்தே பெயரிட்ட மக்கள், ஏட்டைக் கலைமகளாகப் போற்றியபோது இரண்டாவது கையை அதனருகே விடத் தயங்கியது வியப்பன்று. (லால்குடிக்கு வடக்கேயுள்ள ஊட்டத்தூரில், இடங்கையின் தொண்ணூற்றெட்டுப் பிரிவுகளைப் பேசும் மூன்றாம் குலோத்துங்கன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. அது சமூகப் பிரிவு. எழுதும் கைக்கும் அதற்கும் உறவில்லை. எனினும் ஒரு நாகரிகம் தன்னை இரு கைகளாகப் பகுத்துக் கண்டது என்பது எண்ணத்தக்கது.)

உண்மையான இடர் தாளோடும் மையோடும் வந்தது. தொட்டெழுதும் பேனாவின் முள், இழுத்தால் வழுக்கிச் செல்லும். தள்ளினால் தாளைக் குத்தும். ட, ப, ம ஆகிய எழுத்துகளின் அடிக்கோடு இடமிருந்து வலம் போவது. வலக்கையன் அதை இழுக்கிறான், இடக்கையன் தள்ளுகிறான். போதாக்குறைக்கு அவன் கை, எழுதிய ஈரத்தின்மீதே ஊர்ந்து வரும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்துப் பள்ளிகளுக்கு, வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் பிள்ளைகள் காட்டிய தேர்ச்சியைக் கொண்டு அரசு உதவித்தொகை வழங்கப்பட்டது. கறைபட்ட ஏடு பள்ளியின் வருவாயைக் குறைக்குமெனில், பிரம்பு எந்தக் கையின்மீது விழுந்திருக்கும் என்று ஊகிப்பது அரிதன்று.

இதற்கிடையே 1909 நவம்பரில் ஒரு விந்தை நிகழ்ந்தது. இலண்டனிலிருந்து தென்னாப்பிரிக்கா திரும்பும் கப்பலில் காந்தியடிகள் ‘இந்து சுயராச்சியம்’ நூலைக் குஜராத்தி மொழியில் எழுதினார். வலக்கை ஓய்ந்தபோது பேனாவை இடக்கைக்கு மாற்றினார். 275 பக்கக் கையெழுத்துப் படியில் ஏறக்குறைய 40 பக்கங்கள் இடக்கையால் ஆனவை. அப்பக்கங்களின் கருத்து எவ்வகையிலும் தாழ்ந்துவிடவில்லை. ஆனால் ஒன்றை மறத்தலாகாது: அவர் விரும்பிக் கை மாற்றியவர், பள்ளிப் பிள்ளைக்கு அவ்விருப்பம் தரப்படவில்லை.

நூற்றுக்கு ஏறத்தாழ பத்துப் பேர் இடக்கையர் என்பதும், இப்பழக்கத்தின் சாயல் கருவிலேயே தென்படத் தொடங்குகிறது என்பதும் இன்று தெளிந்த செய்திகள். எனவே கையை மாற்றுவதை விடுத்துத் தாளை மாற்றுவதே அறிவுடைமை. தாளை நெஞ்சுக்கு நேரே வையாமல் சற்று இடப்புறமாக வைத்து, அதன் மேல்விளிம்பு வலப்பக்கம் சாயுமாறு திருப்ப வேண்டும். பென்சிலை நுனியிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால் எழுதிய எழுத்து கண்ணுக்குப் படும். மணிக்கட்டை மேலே வளைத்துக் கொக்கிபோல் எழுதும் பழக்கம், எழுதியதைக் காணவும் கறையைத் தவிர்க்கவும் பிள்ளை தானே கண்டுபிடித்த உபாயம். அதற்காக அவனைக் கடிவது முறையன்று. கை வரிக்குக் கீழே தங்கப் பழகினால் அவ்வுபாயம் வேண்டியிராது. தொடக்கத்தில் சில எழுத்துகள் கண்ணாடியிற் கண்டாற்போல் தலைமாறி வருவதுண்டு. வலக்கைப் பிள்ளைகளும் அவ்வாறு எழுதுவர், நாளடைவில் மறையும். ஆசிரியர்கள் தவறுவது பெரும்பாலும் ஓரிடத்தில்: பார்த்தெழுதும் மாதிரியை வரியின் இடக்கோடியில் எழுதிக் கொடுக்கிறார்கள். பிள்ளையின் கை முதலில் மறைப்பது அதைத்தான். வலக்கோடியிலும் ஒருமுறை எழுதினால் போதும்.

பிறகு, இருக்கை. மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962) இடக்கையர். அவருடைய தொப்பியும் வலந்தலையும் பக்கம் மாறியிருந்தமையால், வழக்கமான இடத்தில் அமர்ந்தால் நாதம் அவையை நோக்காது. வயலின் வித்துவான் இடம் மாறி அமர்ந்தாலன்றி அவருக்கு மேடை இல்லை. மாற மறுத்தவர்களும் இருந்தனர். செம்பை வைத்தியநாத பாகவதர் அவர் பக்கம் நின்று, பக்கவாத்தியக்காரரை இடம் மாறச் செய்து கச்சேரி நடத்தினார். வகுப்பறைப் பலகையில் வேண்டப்படுவதும் அதுவே. இடக்கைப் பிள்ளை நடுவில் இருந்தால் இடப்பக்கத்துத் தோழனின் முழங்கையோடு ஒவ்வொரு வரியிலும் மோதுவான். பலகையின் இடக்கோடியில் அவனை அமர்த்தினால் அப்பக்கம் யாருமில்லை; கை தன் போக்கில் எழுதும்.