பைக்குக்குப் பின்னால ஒரு பெட்டி

ரொம்ப நாளா மண்டையைக் குடைஞ்ச மேட்டர் இது. போன கோடைக்கு ஸ்காட்லாந்து மலைப்பக்கம் பத்து நாள் பைக்கில் சுத்தலாம்னு முடிவாச்சு. தங்கமணியும் வர்றாங்க. சிக்கலே அங்கதான். ரெண்டு பக்கமும் பெட்டி மாட்டி, டேங்க் மேல ஒரு பை வச்சு, பின்னால டெண்ட்டைக் கட்டிப் பார்த்தாச்சு. அப்படியும் சாமான் அடங்கலை. "மிச்சத்தை என் மடியில வச்சுக்கணுமா?"ன்னு கேட்டாங்க. நியாயமான கேள்விதான். சரி, பின்னால இழுத்துட்டுப் போக ஒரு ட்ரெய்லர் வாங்கிடலாம்னு தேட ஆரம்பிச்சேன். வழக்கம்போல நூறு வருஷம் பின்னால போய் விழுந்தேன்.

ஆரம்பத்துல ட்ரெய்லர்ல ஏத்தினது சாமானை இல்லை மக்களே, வீட்டம்மாவை! 1890களின் கடைசியில் பிரான்ஸில் டி டியோன்-பூட்டோன் கம்பெனியின் மோட்டார் மூணுசக்கர வண்டிகள் சக்கைப்போடு போட்டன. ஓட்டுறவருக்கு மட்டும்தான் சீட். அதனால பின்னால ரெண்டு சக்கரம் வச்ச பிரம்பு நாற்காலி ஒண்ணைக் கோர்த்து, அதில் தொப்பியும் நீள கவுனுமாக ஒரு அம்மாவை உட்கார வச்சாங்க. தார் போடாத ரோடு. புழுதி மொத்தமும் அவங்க மூஞ்சியில். எஞ்சின் புகையும் அவங்களுக்கே. கொக்கி கழண்டு அவங்க வழியில் நின்னுட்டாலும், எஞ்சின் போடுற சத்தத்தில் முன்னால போறவருக்குக் கேட்காது.

அப்புறம் முன்பக்கம் உட்கார வைக்கிற ஃபோர்கார் வந்தது. புழுதி தொல்லை தீர்ந்தது, ஆனா எதில் மோதினாலும் முதல் அடி உட்கார்ந்திருக்கிறவருக்கு. 1903 ஜனவரி 7ஆம் தேதி 'மோட்டார் சைக்கிளிங்' பத்திரிகையில் ஜார்ஜ் மூர் என்பவர் பக்கவாட்டில் நாற்காலி வச்ச மாதிரி ஒரு கார்ட்டூன் போட்டார். அதே மாசக் கடைசியில் என்ஃபீல்டு ஊரைச் சேர்ந்த டபிள்யூ. ஜே. கிரஹாம் என்பவருக்கு சைட்காருக்கான தற்காலிகக் காப்புரிமை கிடைச்சது. அதோட மனுஷங்க பக்கத்துக்கு வந்தாங்க, பின்னால சாமான் மட்டும்.

என்னைக் கட்டிப்போட்டது 1934ல் நடந்த கதை. தெரசா வாலக், ஃப்ளோரன்ஸ் பிளென்கிரன். லண்டன்காரப் பெண்கள் ரெண்டு பேர். பிளென்கிரன் அந்த வருஷம்தான் புரூக்லேண்ட்ஸ் பந்தயத்தடத்தை மணிக்கு நூறு மைலுக்கு மேல சுத்தி, அதுக்கான தங்க நட்சத்திரத்தை வாங்கின முதல் பெண் ஆனவர். 1934 டிசம்பர் 11ல் கிளம்பி கேப்டவுன் வரைக்கும் போறதுன்னு திட்டம். வண்டி 600 சிசி பாந்தர். யார்க்ஷயரில் கிளெக்ஹீட்டன் என்ற ஊரில் ஃபெலான் அண்ட் மூர் செய்த ஒற்றை சிலிண்டர் பைக். எஞ்சினே ஃப்ரேமின் முன்குழாய் மாதிரி சாய்ஞ்சு உட்கார்ந்திருக்கும். சைட்கார் இழுக்கப் பேர்போன வண்டி. ஒருத்தர் ஓட்ட, இன்னொருத்தர் சைட்காரில். அதுக்கும் பின்னால ஒரு ட்ரெய்லர்!

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. சஹாரா மணல். பைக் சக்கரம் ஒரு தடம் உழும், சைட்கார் சக்கரம் இன்னொரு தடம் உழும். பின்னாடி ட்ரெய்லர் வேற. அத்தனையையும் ஒரே ஒரு பிஸ்டன் இழுக்கணும். கையில் காம்பஸ் கூட கிடையாது. ட்ரெய்லர் எதுக்குன்னு கேட்கவே வேண்டாம். பாலைவனத்தில் தண்ணியும் பெட்ரோலும் சாப்பாடும் தூக்கிட்டுத்தான் போகணும். ஆனா அந்த எடையே எஞ்சினுக்கு வேலையைக் கூட்டும், கூடின வேலைக்குக் கூடுதல் பெட்ரோல், அதைத் தூக்க இன்னும் எடை. எஞ்சின் படுத்தது. ட்ரெய்லர்தான் காரணம்னு நான் தீர்ப்பு சொல்ல மாட்டேன். அகடேஸ் ஊரில் தங்கி எஞ்சினை அக்கக்காகப் பிரிச்சு, மறுபடி கட்டினாங்க. அப்புறம் டாங்கனிகாவில், பல நாளா கண்ணில் படாத ஒரே ஒரு கார், அதுவும் ராங் சைடில் வந்து மோதல்! இத்தனைக்கும் பிறகு 1935 ஜூலை 29ல் கேப்டவுன். ஏழரை மாசம். (சனி இல்லீங்க, நிஜமாவே ஏழரை மாசம் :-))

வாலக் 1939ல் தானும் புரூக்லேண்ட்ஸ் நட்சத்திரம் வாங்கினார், போரில் ராணுவத்தில் தபால் பைக் ஓட்டினார், பிறகு அமெரிக்கா போய் பைக் ஓட்டக் கத்துக்கொடுத்தார். 1999ல் காலமானார். இந்தப் பயணத்தைப் பற்றிய அவரோட 'தி ரக்டு ரோடு' 2001லதான் புத்தகமா வந்தது.

நம்ம கதைக்கு வர்றேன். ட்ரெய்லரில் ரெண்டு ஜாதி. ஒற்றைச் சக்கரம், பைக் சாயும்போது கூடவே சாயும், சந்துலயும் நுழையும். 1960களில் செக்கோஸ்லோவாக்கியாவில் ஜாவா பைக்குகளுக்குப் பின்னால 'பாவ் 40'ன்னு அப்படி ஒண்ணு ஓடியது. எங்க மாமா வச்சிருந்த மைசூர் ஜாவாவுக்கு யாரும் மாட்டி நான் பார்த்ததில்லை. அவர் வண்டியில் பின்னால வந்ததெல்லாம் நாங்க நாலு பசங்கதான். (கொசுவத்தியை அணைச்சாச்சு.) இரட்டைச் சக்கர வண்டி நிறைய தாங்கும். ஆனா அது சாயாது, பைக் சாயும். அதனால கொக்கி சுழலணும்.

இங்கிலாந்துச் சட்டப்படி, சாமானோட ட்ரெய்லரின் எடை 150 கிலோவுக்கும், பைக்கின் எடையில் மூணில் ரெண்டு பங்குக்கும், எது குறைவோ அதுக்குள்ள இருக்கணும். அகலம் ஒரு மீட்டர். என் பைக் 210 கிலோ. அப்போ 140. பெட்டியே 50 கிலோ, சாமானுக்கு 90. ரெண்டு பேர் சாமானுக்குத் தாராளம்னு நினைச்சு, ஒரு நண்பரோட இரட்டைச் சக்கரப் பெட்டியைக் கடன் வாங்கி வெள்ளோட்டம் விட்டேன்.

அடுப்பு, தண்ணி கேன், டூல் பை எல்லாத்தையும் எடுக்க வசதியாக் கதவோரம், அதாவது அச்சுக்குப் பின்னால வச்சிருந்தேன். ஐம்பது மைல் வேகத்தில் வால் ஆட ஆரம்பிச்சது. முதல்ல மெதுவா, அப்புறம் பைக்கின் பின்சக்கரத்தையே பிடிச்சு உலுக்குது. கை நடுங்குது. பிரேக்கைத் தொடாம ஆக்ஸிலரேட்டரை மட்டும் மெல்ல விட்டு ஓரம் கட்டினேன். நல்லவேளை, தங்கமணி அன்னிக்குப் பின்னால இல்லை.

பின்பாரம் கூடினா கொக்கி மேல எடை குறையும், அப்ப ட்ரெய்லர் தன் இஷ்டத்துக்கு ஆடும். மொத்த எடையில் பத்திலிருந்து பதினைஞ்சு சதவீதம் கொக்கியில் உட்காரணும். அதுக்கு மேல போனா பைக்கின் முன்சக்கரம் லேசாகி ஹேண்டில் பிடி கொடுக்காது. வீட்டுக்கு வந்து குளியலறைத் தராசைக் கொக்கிக்கு அடியில் வச்சுப் பார்த்தேன். மூணே கிலோ!

எல்லாத்தையும் முற்றத்தில் கொட்டி ஒவ்வொண்ணா எடை போட்டோம். தங்கமணி பை பதினொரு கிலோ. டெண்ட்டையும் அடுப்பையும் கழிச்சா மிச்சம் அத்தனையும் என்னோடது. ட்ரைபாட், ரெண்டு லென்ஸ், உதிரி செயின், மூணு புத்தகம். அவங்க ஒரு வார்த்தை பேசலை, தராசை மட்டும் பார்த்தாங்க.

கடைசியில் ஒற்றைச் சக்கரம்தான் வாங்கினேன். அதில் முப்பது கிலோவுக்கு மேல ஏத்தக் கூடாது. ட்ரைபாட் வீட்டிலேயே தங்கிடுச்சு.